பருத்தி அறையில் ஒரு மீட்டர் கேஜ்

மழை எத்தனை சென்டிமீட்டர், மாமரத்தில் பூ எப்படி, காட்டுப்பன்றி எந்த வரப்பைப் புரட்டிப் போட்டது என்று படிக்க வருகிற நண்பர்களே, இன்றைக்கு வயலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். ரயிலைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் பொம்மை ரயில்.

சொந்தக்காரர் ஒருத்தர் போன மாசம் கேட்டார்: "பம்புசெட்டு மோட்டார் ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு, புது மோட்டார் வாங்க வழியில்ல. வீட்டுக்குள்ள பொம்மை ரயிலுக்கு இவ்வளவு செலவு செஞ்சிருக்கீங்களே, நியாயமா?" கேள்வி நியாயமானதுதான். கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. 2016-லிருந்து இதுவரை 91 ஆயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கிறது. வருஷத்துக்குப் பிரித்தால் எங்கள் தோப்புக்கு உரம் வாங்குகிற காசை விடக் குறைவு. அவருக்கு நின்ற வாக்கில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் தம்பி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். 2013-இல் எங்கள் தோப்பில் தேங்காய் வெட்ட ஆள் வராத ஒரு நாள், அவனே மரம் ஏறினான். பாதி மட்டை கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. உயிர் பிழைத்தான். சக்கர நாற்காலி வந்தது.

நகரத்தில் இருக்கிற உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, எனக்கும் அதுவரை தெரியாது: முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பெரிய எதிரி படுக்கைப் புண். நாமெல்லாம் உட்கார்ந்த இடத்தில் நம்மை அறியாமலே நெளிந்துகொண்டே இருக்கிறோம். ஒரு பக்கம் மரத்துப் போனால் மறு பக்கம் சாய்கிறோம். உணர்வு இல்லாதவனுக்கு அந்த எச்சரிக்கை வராது. எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் அகப்பட்ட சதைக்கு ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, புண் உள்ளே இறங்கும். அதனால் 15, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி, உடம்பை இருக்கையிலிருந்து தூக்கி, ஒன்றிரண்டு நிமிஷம் தாங்கிப் பிடிக்க வேண்டும். டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "மருந்து இதுதான், மத்ததெல்லாம் அப்புறம்."

தம்பி செய்யவில்லை. போனில் அலாரம் வைத்துக் கொடுத்தோம், அணைத்து வைத்தான். அம்மா மணிக்கு நாலு தரம் வந்து "எந்திரிச்சு உக்காருய்யா" என்று கெஞ்சுவாள். "எதுக்கு?" என்பான். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. 2015 கடைசியில் இடுப்பில் புண் வந்தது. எலும்பு வரை போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாசம் குப்புறவே கிடந்தான். கட்டிலுக்கு வெளியே தலை தொங்க, தரையைப் பார்த்தபடி.

அந்த ஐந்து மாசத்தில்தான் அவன் வரைய ஆரம்பித்தான். தரையில் ஒரு நோட்டு, கையில் பென்சில். ஒரு நாள் குனிந்து பார்த்தேன். கோடுகள் பிரிந்து சேர்ந்து ஓடின.

"இது என்னடா?"

"ராஜபாளையம் யார்டுண்ணே. பழசு. மீட்டர் கேஜ் இருந்தப்ப."

விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகிற எங்கள் ரயில் பாதை 1927-இல் திறந்தது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டிப் புனலூர் போகிற பாதை அதற்கும் முன்னாலேயே, 1904-இல் வந்துவிட்டது. 2004-இல் எங்கள் பக்கம் அகலப்பாதை ஆக்கினார்கள். மலைப் பாதையை 2010-இல் மூடி, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இன்றைக்கு விடியற்காலை எங்கள் ஊரை எழுப்புகிற பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடுவது அகலப்பாதையில். தம்பி ஐடிஐ படிக்கப் போனது, குற்றாலம் சீசனுக்குக் கூட்டாளிகளோடு போனது, ஒருமுறை புனலூர் வரை போய் மறு ரயிலில் திரும்பியது எல்லாம் பழைய மீட்டர் கேஜில். எந்த ஸ்டேஷனில் எத்தனை லைன், எந்தக் கைகாட்டி எந்தப் பக்கம், வேப்பமரம் எங்கே என்பது வரைக்கும் அவன் தலைக்குள் இருந்தது.

என் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். சித்தப்பா வரைந்ததைப் போனில் படம் எடுத்து அனுப்பியதும், அவள் அங்கே கோத்ரூடில் இருக்கிற ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாவ்சாகேப் ஜோஷி என்ற ஒருவர் சின்ன வயதிலிருந்து சேர்த்த ஆசை அது. 1998-இல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். ஊர், சாலை, சர்க்கஸ் கூடாரம் எல்லாம் ஒரு மேடை மேல். ஒரு மேசையிலிருந்து அத்தனை ரயிலையும் ஓட்டுகிறார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-இல் இரட்டைப் பிறவி அண்ணன் தம்பி இருவர் ஆரம்பித்தது இன்றைக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம், ஆயிரத்துக்கு மேல் ரயில் என்று வளர்ந்து நிற்கிறதாம். வீடியோ வந்தது. தம்பி திரும்பத் திரும்பப் பார்த்தான். மூன்றாம் நாள் கேட்டான், "அண்ணே, பருத்தி அறை சும்மாதானே கிடக்கு?"

நாங்கள் பருத்தி போடுவதை நிறுத்திப் பல வருஷம். விலை ஏறும் வரை பருத்தியைக் குவித்து வைக்க அப்பா கட்டின அறை அது. 18 அடி நீளம், 11 அடி அகலம், ஒரே வாசல். உள்ளே பழைய சாக்கும் எலியும்தான் குடியிருந்தன. ஒரு வாரத்தில் காலி செய்து வெள்ளையடித்தேன்.

முதலில் தண்டவாளத்தை எங்கே போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பி சாக்பீஸைக் கேட்டு வாங்கி, அறை நடுவில் ஐந்தடி விட்டத்தில் ஒரு வட்டம் போடச் சொன்னான். சக்கர நாற்காலி ஒரே இடத்தில் முழுசாகத் திரும்ப அவ்வளவு வேண்டும். "இதுக்குள்ள ஒண்ணும் வரக்கூடாது. மிச்ச இடத்துல ரயில் ஓடினா போதும்." எங்கள் ரயில்வேயின் முதல் சட்டம் அதுதான். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குப் பலகை. நடுவில் எட்டடி அகலம் சும்மா.

இரண்டாவது, வாசல். மேல்நாட்டில் பலர் வாசலுக்குக் குறுக்கே பலகை போட்டுவிட்டு, குனிந்து நுழைவார்களாம். நாற்காலி குனியாது. ஆகவே ரயில் வட்டமாகச் சுற்றி வரக்கூடாது. வாசலின் ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கம் முடிய வேண்டும். நிஜப் பாதையும் அப்படித்தானே? விருதுநகரில் கிளம்பின வண்டி சுற்றிச் சுற்றி விருதுநகருக்கே வருவதில்லை.

ஆனால் ஒரு சுற்றுச் சுவரில் செங்கோட்டை வரைக்கும்தான் வந்தது. தம்பிக்கு மலை வேண்டும், ஆரியங்காவு வேண்டும், கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் வேண்டும். அதனால் மேலே இன்னொரு தட்டு. எங்கள் மாடி வீடு இப்படித்தான் எழும்பியது.

கீழ்த்தட்டு தரையிலிருந்து 78 சென்டிமீட்டர். முட்டி உள்ளே போக இடம் வேண்டும் என்பதால் அந்த உயரம். மேல்தட்டு அதற்கு மேல் 42 சென்டிமீட்டர், அதாவது 120. நின்று பார்க்கிற எனக்கு மேல்தட்டு நெஞ்சளவு. பருந்து பார்க்கிற மாதிரி கூரைகளைத்தான் பார்ப்பேன். நாற்காலியில் இருக்கிற தம்பிக்கு அது கண் மட்டம். தண்டவாளம் அவன் கண்ணுக்கு நேரே. நான் வருத்தப்பட்டேன், யார்டில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாதே என்று. சலூன் கடைக்காரர் ஒருவர் கடையை மாற்றும்போது தள்ளிவிட்ட பெரிய கண்ணாடியை வாங்கி, உத்திரத்தில் சாய்த்துக் கட்டினேன். அவன் தேவைப்பட்டால் மேலே பார்ப்பான். "ஆனா நீங்க ஒரு தடவ ஸ்டூல்ல உக்காந்து பாருங்கண்ணே" என்றான். உட்கார்ந்தேன். என்ஜின் தலை உயரமாக என்னை நோக்கி வந்தது. பிளாட்பாரத்தில் குழந்தையாக நின்று பார்த்த ரயில். நின்று பார்க்கிறவனுக்கு அது கிடைக்காது.

அளவு பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். உலகத்தில் அதிகம் ஓடுவது 87-இல் ஒரு பங்கு அளவு. அதற்கு எங்கள் அறை போதாது. அதை விடச் சின்னதில் 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் கிடைக்கிறது. மீட்டர் கேஜ் என்றால் 1000 மில்லிமீட்டர். ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் 111. அப்படியானால் எல்லாவற்றையும் 111-இல் ஒரு பங்காகச் செய்தால் தண்டவாளம் தானாகவே சரியான மீட்டர் கேஜ் ஆகிவிடும். இந்த அளவில் நம் ஊர் மீட்டர் கேஜ் வண்டி கடையில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய ஜப்பான் பொம்மை என்ஜின்களின் அடிச்சட்டத்தை மகள் இரண்டாம் கையில் வாங்கி அனுப்பினாள். மேல்கூடு தம்பி செய்தது. பெட்டிகள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஒரு பெட்டி 17, 18 சென்டிமீட்டர் வரும், பத்திரிகை நீளம் சரியாக இருக்கும். எங்கள் சிவப்புப் பெட்டி ஒன்றின் உள்பக்கம் இன்னும் யாரோ ஒருவரின் முகூர்த்த நேரம் இருக்கிறது.

மலைக்குக் கம்பி வலை, பழைய பேப்பர், அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த துணி. தம்பி மனைவி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கிறாள். கழிவுத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டாள். "இவருக்குக் கட்டினது போதும் அத்தான், இனி மலைக்குக் கட்டுங்க" என்றாள். இரண்டு நாள் அந்த வார்த்தை என் காதுக்குள்ளேயே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் பெரிய சிக்கல். ஆண்டாள் கோயில் கோபுரம் 11 நிலை, 192 அடி. 111-ஆல் வகுத்தால் 52 சென்டிமீட்டருக்கு மேல். இரண்டு தட்டுக்கும் நடுவில் இருப்பதே 42. கோபுரம் மேல்தட்டில் முட்டும். தூரத்தில் தெரிகிற மாதிரி சின்னதாகச் செய்து பின்னால் வைக்கலாம், அப்படியும் ஒரு வழி உண்டு என்று மகள் சொன்னாள். என் மனைவி காபி டம்ளரோடு வாசலில் நின்று, "ஆண்டாளைக் குட்டையாக்கிட்டா ரயிலு ஓடும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மதினி சொல்லைத் தம்பி தட்டமாட்டான். கணக்குப் போட்டுப் பார்த்ததில் வழி பிறந்தது. கேரளப் பக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட தூரம் குறைவு. மேல்தட்டு செங்கோட்டைக்கும் சங்கரன்கோவிலுக்கும் மேலாக வந்து, ராஜபாளையத்துக்கு மேல் புனலூரில் முடிந்துவிடட்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேல் பலகையே கிடையாது, வெறும் வானம். கோபுரம் முழு உயரத்தில் நிற்கிறது. அறைக்குள் நுழைகிற எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தூரத்தில் மட்டும் சமரசம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பத்துப் பதினொரு கிலோமீட்டர். அளவுப்படி நூறு மீட்டர் தண்டவாளம் வேண்டும். எங்களிடம் இருப்பது இரண்டரை மீட்டர். சிவகாசி, திருத்தங்கல், தென்காசி எல்லாம் விட்டுப் போயின. ஆனால் பாம்புக்கோயில் சந்தையை விட மறுத்துவிட்டான். இந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷன் வேறு எங்கே இருக்கிறது என்பான். ஒரு பெயர்ப்பலகையும் ஒரு பெஞ்சும் வைத்திருக்கிறோம்.

ரயிலைக் கீழிருந்து மேலே ஏற்றுவது என் வேலை ஆயிற்று. சரிவு என்றால் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நாங்கள் வாட்டம் என்போம். வாய்க்காலில் தண்ணி போக நூறு அடிக்கு மூணு அங்குல வாட்டம் போதும். தண்ணி இறங்குகிற விஷயம். ரயில் ஏறுகிற விஷயம். ஊட்டி மலை ரயில் 12-க்கு 1 ஏறுகிறது, அதற்குத் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரம் கடிக்கப் பல் வைத்திருக்கிறார்கள். பல் இல்லாத வெறும் இரும்புச் சக்கரம் அவ்வளவு ஏறாது, வழுக்கும். 42 சென்டிமீட்டர் ஏற நேர்ப் பாதைக்கு அறையில் இடமில்லை. அதனால் மூலையில் சுருளாகச் சுற்றி ஏற்றினோம், பழைய மச்சுக்குச் சுழல் படி வைக்கிற மாதிரி. வீட்டில் இதற்குப் பெயர் முறுக்கு.

முதலில் 30 சென்டிமீட்டர் ஆரத்தில் அட்டையில் ஒரு சுற்று செய்து ஓட்டிப் பார்த்தோம். ஒரு சுற்றுக்கு 6 சென்டிமீட்டர் ஏற வேண்டும். இல்லாவிட்டால் மேல் சுற்றின் பலகை கீழே போகிற வண்டியின் கூரையில் இடிக்கும். அந்த ஆரத்தில் வாட்டம் நூற்றுக்கு 3.2 வந்தது. என்ஜின் நாலு பெட்டிக்கு மேல் இழுக்கவில்லை. வளைவு வேறு இழுத்துப் பிடிக்கும். ஆரத்தை 38 ஆக்கினால் வட்டம் பெரிதாகி வாட்டம் நூற்றுக்கு 2.5 ஆகிவிடும். ஏழு பெட்டி ஏறியது. மொத்தம் ஏழு சுற்று, 16 மீட்டருக்கு மேல் தண்டவாளம் அந்த ஒரு மூலைக்குள் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ரசமட்டம் வைத்து, ஒன்றரை சென்டிமீட்டருக்குத் தக்கை கொடுத்து ஏற்றினேன். ஏற்றம் சடாரென்று ஆரம்பித்தால் பெட்டி கொக்கி கழன்றுகொள்ளும். முதல் ஓரடியில் வாட்டத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மலையேறுகிற நிஜ ரயிலுக்குப் பின்னாலும் ஒரு என்ஜின் தள்ளும். எங்கள் கனமான வண்டிக்கும் பின்னால் ஒன்று உண்டு.

முறுக்குக்குள் போன ரயில் வெளியே வர ஒன்றரை நிமிஷம் ஆகும். ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும். நிஜத்தில் பகவதிபுரம் தாண்டி மலைக்குகைக்குள் நுழைந்தால் பெட்டிக்குள் இருட்டாகி, பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அதேதான் இதுவும். வேடிக்கை பார்க்க வரும் தெருப் பிள்ளைகள் முறுக்குக்குள் வண்டி போனதும் கூச்சல் போடுகிறார்கள், யாரும் சொல்லித்தராமலே.

மின்சாரம் முழுக்கத் தம்பி பொறுப்பு. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சின்னச் சில்லு. தண்டவாளத்தில் கரண்டும் கட்டளையும் சேர்ந்தே போகும். மூன்றாம் நம்பர் என்ஜினை நகரச் சொன்னால் அது மட்டும் நகரும். இதை ஆட்டுவிக்கிற பெட்டியை ஆர்டுயினோ போர்டு வைத்து அவனே செய்தான். பருத்தி கிடந்த அறை என்பதால் நெருப்புக்கு நாங்கள் ரொம்பப் பயந்தோம். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர் தரையிலிருந்து கூரை வரை மலையடுக்காக ஒரு ரயில்வே கட்டி உலகப் பெயர் வாங்கினார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே தீப்பிடித்து எல்லாம் போயிற்று. அதைப் படித்த அன்றைக்கே ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஃபியூஸ், வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தே எட்டுகிற உயரத்தில் மெயின் சுவிட்ச் என்று வைத்தோம். மூட்டைப் பஞ்சின் தூசியை உத்திரத்திலிருந்து இரண்டு நாள் துடைத்தேன்.

இனி ஓட்டுவது. பலர் பொம்மை ரயில் என்றால் சுவிட்சைப் போட்டு வேடிக்கை பார்ப்பது என்று நினைக்கிறார்கள். எங்களுடையது அப்படி இல்லை. ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வருகிற வண்டிகள் ஸ்டேஷனில்தான் விலக முடியும். அந்தக் காலத்தில் டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்ப முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு இரும்புக் கருவி. அதிலிருந்து ஒரு உருண்டை வெளியே வந்தால், அது அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் போகும் வரை இரண்டாவது உருண்டை வராது. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கோலிக்குண்டு. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரே ஒரு குண்டு. பச்சைக் குண்டு சங்கரன்கோவில் – செங்கோட்டை. அது என் சட்டைப் பையில் இருந்தால்தான் என் வண்டி நகரும்.

கீழ்த்தட்டில் தம்பி, மேல்தட்டில் நான். மொத்தப் பாதைக்கும் கன்ட்ரோலர் அவன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் என்றால் ரயில்வே கடிகாரத்தில் ஆறு நிமிஷம். இரண்டு மணி நேரம் ஓட்டினால் பன்னிரண்டு மணி நேரப் போக்குவரத்து நடந்துவிடும். சரக்கு வண்டிக்குச் சீட்டு உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, சத்திரப்பட்டித் துணி, எங்கள் சப்பட்டை மாம்பழம். தோப்பிலிருந்து அன்றைக்கு எத்தனை பெட்டி மாம்பழம் போனதோ, அதற்குத் தக்கபடி ராஜபாளையம் யார்டில் வேகன் ஏற்ற வேண்டும். காட்டுப்பன்றி புகுந்து காய் போன வாரம் வேகன் காலியாகப் புனலூர் போனது.

டைம்டேபிளை அவனே எழுதினான். மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். அதைக் கையில் வாங்கிப் படித்தபோது ஒன்று எனக்குப் புரியவில்லை. எந்த வண்டியை எடுத்தாலும் கீழ்த்தட்டில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை 12 நிமிஷம் "தண்ணி" என்று போட்டிருந்தது. நீராவி என்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிறுத்துவார்கள், சரி. டீசல் வண்டிக்கும் போட்டிருந்தான்.

"டீசலுக்கு எதுக்குடா தண்ணி?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் ஓட்டும்போது தெரிந்தது. ரயில்வே கணக்கில் ஒன்றரை மணி என்றால் நம் கடிகாரத்தில் 15 நிமிஷம். 12 நிமிஷம் என்றால் 2 நிமிஷம். ராஜபாளையத்தில் வண்டி நின்றதும், தம்பி இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்கினான். கடிகாரத்தைப் பார்த்தபடியே தாங்கினான். கை நடுங்கும்போது இறங்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்கினான். இரண்டு நிமிஷம் ஆனதும் உட்கார்ந்து, "தண்ணி புடிச்சாச்சு. சங்கரன்கோவிலுக்கு லைன் கிளியர்" என்றான். நான் குண்டைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த ரயில்வே வந்து மாறின இன்னொன்று. அதற்கு முன் வீட்டுக்கு வருகிறவர்கள் தம்பியின் தலைக்கு மேலாக என்னிடம்தான் பேசுவார்கள். "இப்ப எப்படி இருக்காரு? சாப்பிடறாரா?" அவன் அங்கேயே இருப்பான். ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்து, வழக்கம் போல என்னிடம், "தம்பிக்கு நல்ல பொழுதுபோக்கு" என்றபடி மேல்தட்டில் நின்ற என்ஜினைத் தொடக் கையை நீட்டினார். தம்பி சத்தம் போடாமல் சொன்னான்: "அய்யா, அந்த செக்‌ஷன்ல லைன் கிளியர் கொடுக்கல. கையை எடுங்க." அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். பிறகு அவனைப் பார்த்து, "எப்போ கொடுப்பீங்க?" என்று கேட்டார். அவனைப் பார்த்துத்தான் கேட்டார். அன்றைக்கு அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து புனலூர் பாசஞ்சரை ஓட்டிவிட்டுத்தான் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். போன வருஷம் ஒரு இடத்தில் தோல் சிவந்தது. பத்து நாள் படுக்கையில் இருந்தான், ரயில் ஓடவில்லை. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் ஈரம் ஏறி என்ஜின் விக்கி விக்கிப் போகிறது. அம்மாவுக்கு இன்றைக்கும் தோப்புப் பக்கம் போனால் அந்தத் தென்னையைப் பார்க்கப் பிடிக்காது. தம்பியின் கால் வராது. ஆனால் 2016-க்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுக்க வைக்கிற அளவுக்கு ஒரு புண் கூட வரவில்லை. ரயில் ஓடாத பகல் நேரத்திலும் கால் மணிக்கு ஒருமுறை அவன் அறையிலிருந்து நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்கும். அம்மா அடுப்படியிலிருந்து, "தண்ணி புடிக்கிறான்" என்பாள். ஈயம் பற்ற வைத்துக் கை பழகிப் போனதால், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிகளும் இப்போது இவனிடம்தான் வருகின்றன. எங்கள் மோட்டாரையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். புது மோட்டார் அடுத்த மாம்பழ சீசனுக்குத்தான்.

சொந்தக்காரர் கேட்ட 91 ஆயிரத்துக்கு இதுதான் கணக்கு. எலும்பு வரை போன அந்த ஒரு புண்ணுக்கு மட்டும் நாங்கள் கட்டின பணம் இதைப் போல மூன்று மடங்கு. அந்த ரசீதுகளும் அதே நோட்டுக்குள்தான் இருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கவோ, ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில் குளிக்கவோ இந்தப் பக்கம் வந்தால் எழுதுங்கள், வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு முதல் வண்டி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், தூசி தண்டவாளத்துக்கு ஆகாது. நின்று பார்க்காதீர்கள், மூன்று ஸ்டூல் இருக்கிறது. கன்ட்ரோலரிடம் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். வண்டி தண்ணிக்கு நிற்கும்போது கொஞ்சம் பேசாமல் இருங்கள். அந்த இரண்டு நிமிஷம் அவர் வேலையாக இருப்பார்.